மணல், ஓலை, ஸ்லேட்

1

கல்வியின் சரித்திரம் என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆபீஸ்களின் சரித்திரம். எந்த வருஷம் எந்தக் கமிஷன் உட்கார்ந்தது, எந்த கவர்னர் எந்தக் குறிப்பில் கையெழுத்திட்டார், எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது என்பதோடு அது முடிந்துபோகிறது. இத்தனை தாள்களுக்கும் காரணமான ஏழு வயதுப் பையன் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்பது இவற்றின் ஓரத்தில்தான் அகப்படுகிறது. வாய் என்ன செய்தது, விரல் என்ன செய்தது, எதன்மேல் எழுதினான், எழுதியதை யார் பார்த்தார்கள்?

இலக்கியக்காரர்களான நமக்கும் இதில் பெரிய அக்கறை இருந்ததில்லை. ஒரு எழுத்தாளனின் பிரக்ஞையை உருவாக்கியவர்கள் என்று புதுமைப்பித்தனையும் மௌனியையும் காஃப்காவையும் சொல்லுவோம். அதற்கெல்லாம் முன்னால் ஐந்து வருஷ காலம் அவன் கை எதன்மேல் உரசிக்கொண்டிருந்தது என்று கேட்கமாட்டோம். எழுத்து சிந்தனையாவதற்கு முன்னால் ஒரு உடற்பழக்கம். யாரோ ஒருவர் பார்க்கப்போகிறார் என்பதற்காக எழுதுவதா, யாரும் பார்க்காவிட்டாலும் எழுதுவதா என்பது அந்தப் பழக்கத்தோடு சேர்ந்தே படிந்துவிடுகிறது.

நான் இங்கே செய்ய முயல்வது சிறிய காரியம். கடந்த இருநூறு வருஷங்களில் தமிழ்ப் பிரதேசத்துக் குழந்தைகள் எழுதப் பழகிய பரப்புகளை, மணல், ஓலை, ஸ்லேட், நோட்டு என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின்மேலும் எழுதப்பட்டதற்கு வாசகன் யார் என்று கேட்பது.

2

திண்ணைப் பள்ளிக்கூடம் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முன்னால் மணல் பரப்பியிருக்கும். வாத்தியாரோ, அவருக்குப் பதிலாகச் சட்டாம்பிள்ளையோ ஒரு எழுத்தை எழுதிக் காட்ட, அந்தத் தடத்திலேயே பையன் விரலை ஓட்டவேண்டும். ஓட்டும்போதே அந்த எழுத்தை உரக்கச் சொல்லவேண்டும். பிறகு உள்ளங்கையால் மணலைத் தடவிவிட்டு அடுத்த எழுத்து. மணலில் எழுதியது அரை நிமிஷம்கூட நிற்பதில்லை. அது நிற்கவேண்டிய இடம் விரலிலும் வாயிலும்தான்.

எழுத்துகள் பழகியபின் ஓலை. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து உடனே கண்ணுக்குத் தெரியாது. மஞ்சளும் கோவையிலைச் சாறும் கரியும் தடவினால்தான் கீறல் துலங்கும். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, எண்சுவடி எல்லாம் பையன் முதலில் வாயில் ஏற்றிக்கொண்டு, பிறகு தன் கையால் எழுதிக்கொண்டவை. இதைக் கவனிக்க வேண்டும். புஸ்தகம் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. படிப்பின் முடிவில் அவன் கையிலிருந்து உண்டாகும் ஒரு பொருளாக அது இருந்தது. பாடம் ஏற்கனவே அவனுக்குள் இருக்கிறது. சுவடி அதன் பிரதி.

உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்து 1950ல் புஸ்தகமாயிற்று. 1855ல் பிறந்தவர் தம் கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். சாயங்காலம் பையன்கள் வீடு திரும்புமுன் வாத்தியார் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஒரு ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்லவேண்டும். இரவு முழுவதும் ஒரு பூவின் பெயரைச் சுமந்துகொண்டு தூங்குகிற பையனை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பெயருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை, சுமப்பதைத் தவிர. ஞாபகம் ஒரு தசையைப் போல வளர்க்கப்பட்ட இடம் அது.

இதை வைத்துக்கொண்டு பழம்பெருமை பாட நான் தயாரில்லை. அதே திண்ணையில் உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனையும் இருந்தது. பாடலின் பொருள் பையனுக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். மணலில் எழுதியதற்கு வாசகன் கிடையாது. ஓலையில் எழுதியதற்கு வாசகன் எழுதியவனே. மதிப்பெண் போட மூன்றாவது ஆள் ஒருவன் அங்கே இன்னும் வந்து சேரவில்லை.

3

மூன்றாவது ஆள் முதலில் வந்தது எண்ணிக்கை எடுக்க. 1822ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, ஜில்லாவாரியாகப் பள்ளிக்கூடங்கள் எத்தனை, படிக்கிறவர்கள் எத்தனை, எந்தெந்த ஜாதி என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826ல் அவர் தொகுத்த கணக்கின்படி ராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகள். 1,88,650 பேர் படித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி பதினைந்து பேர். ஒரு திண்ணை கொள்ளுகிற அளவு.

தரம்பால் இந்த அறிக்கைகளைத் திரட்டி 1983ல் வெளியிட்டபின் இவை பிரசித்தமாயின. தமிழ் ஜில்லாக்களில் படித்தவர்களில் பெரும்பாலோர் கணக்கில் சூத்திரர் என்ற கட்டத்தில் வருகிறவர்கள் என்பது பலருக்கு ஆச்சரியம் தந்தது. வெள்ளைக்காரன் வருமுன் இங்கே பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போயிற்று. ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540. நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. ஜாதிக்கான கட்டங்களில் கடைசியாக 'மற்ற ஜாதிகள்' என்று ஒன்று உண்டு. அதற்குள் யார் யாரைப் போட்டு அடைத்தார்கள் என்று அந்தக் கட்டம் சொல்லாது.

திண்ணை என்ற சொல்லே இதைச் சொல்லிவிடுகிறது. திண்ணை பொதுமண்டபம் அல்ல, ஒரு வீட்டின் அங்கம். வீடு ஒரு தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவுக்குள் நடக்கக்கூடாதவனுக்கு அந்தத் திண்ணையில் ஏற வழியில்லை. மணலுக்கு ஜாதி இல்லை என்று கவிதை எழுதலாம். மணல் எங்கே பரப்பியிருந்தது என்பதைக் கவிதை மறந்துவிடும்.

கலெக்டர்களில் பலர் அட்டவணையை நிரப்பி அனுப்பியதோடு சரி. பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல் மட்டும் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கையில் பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். அவருடையது தெலுங்கு, கன்னடப் பிரதேசம். என்றாலும் அவர் வர்ணிப்பது நம்முடைய திண்ணைக்கும் பொருந்துகிறது. காலையில் முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாவது வந்தவன் கையில் ஒரு சுழி. மூன்றாவது வந்தவனுக்கு லேசாக ஒரு அடி, நாலாவதுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். குழந்தையின் உடம்பே முதல் பரப்பு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சரஸ்வதியும் அங்கேதான், அடியும் அங்கேதான்.

பையன்கள் பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள் என்று கேம்ப்பெல் குறை சொன்னார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை மட்டும் வெகுவாகப் பாராட்டி, இங்கிலாந்து இதைக் காப்பியடித்தது நியாயமே என்றார். அவர் காப்பி என்று சொன்ன அந்தக் கதையை இனிப் பார்க்கலாம்.

4

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். 1789ல் எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளிக்கு மேற்பார்வையாளரானார். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்களுக்கும் பிறந்த பையன்கள் அங்கே நிறைய. ஒருநாள் காலை குதிரைமேல் போகும்போது தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி வாத்தியார் மறுத்தார். பெல் ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைப் பிடித்து, இளையவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வைத்தார். காரியம் நடந்துவிட்டது. 1796ல் ஊர் திரும்பினார். 1797ல் லண்டனில் தம் பரிசோதனையைப் புஸ்தகமாக வெளியிட்டார். அதற்கு மதராஸ் முறை என்று பெயர் வந்தது.

1798ல் ஜோசஃப் லான்காஸ்டர் என்பவர் லண்டனின் பரோ ரோட்டில் அதே பாணியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரண்டு கட்சி உண்டாயிற்று. கோல்ரிட்ஜ் 1808ல் லண்டனில் ஒரு சொற்பொழிவில் லான்காஸ்டரைக் கடுமையாகத் தாக்கினார். சௌதி பெல்லுக்காக ஒரு நூலே எழுதினார். வேர்ட்ஸ்வொர்த் 1814ல் வெளிவந்த தம் நெடுங்கவிதைக்கு எழுதிய ஒரு குறிப்பில் பெல்லின் கண்டுபிடிப்பைப் புகழ்ந்தார். குழந்தையை மனிதனின் தகப்பன் ஸ்தானத்தில் வைத்தவர் அவர். அந்தக் கவிதையை பி.ஏ. வகுப்பில் எங்களுக்கு நடத்திய காலத்தில் இந்த விவகாரத்தை யாரும் சொன்னதில்லை. கல்லூரிப் பாடத்தில் வேர்ட்ஸ்வொர்த்துக்கும் எழும்பூருக்கும் சம்பந்தமே கிடையாது.

பெல்லின் பெருமிதம் தம் முறை ஒரு யந்திரம் என்பதில். நீராவி யந்திரத்தோடும் நூற்பு யந்திரத்தோடும் அவரே அதை ஒப்பிட்டிருக்கிறார்: உழைப்பைக் குறைத்து உற்பத்தியைப் பெருக்குவது. திண்ணையில் பதினைந்து பையன்களில் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இடமும் ஆளும் போதாமல் பிறந்த ஏற்பாடு. ஒரு மூத்தவனும் ஒரு இளையவனும் எதிரெதிரே உட்கார்ந்த நிலை. பரோ ரோட்டில் ஒரே வாத்தியாரின் கீழ் பல நூறு பையன்கள் நீளமான பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மானிட்டர். முறை ஒன்றுதான். ஆனால் அளவு மாறியதும் அதன் சாரமே மாறிவிட்டது. சட்டாம்பிள்ளை மேஸ்திரியாகிவிட்டான்.

மணலும் அங்கே போயிற்று. சின்னப் பையன்கள் மணல் பரப்பிய மேஜையில் எழுதினார்கள். அடுத்த படியில் ஸ்லேட். லான்காஸ்டரின் வகுப்பறையில் ஸ்லேட்டைக் காட்டு என்று ஒரு கட்டளை உண்டு. கட்டளை வந்தவுடன் அத்தனை பையன்களும் ஒரே நேரத்தில் ஸ்லேட்டை உயர்த்திப் பிடிக்கவேண்டும். மானிட்டர் பார்த்துக்கொண்டே போவான். திண்ணையிலிருந்து புறப்பட்ட ஒரு பழக்கத்தில் புதிதாகச் சேர்ந்தது இந்த உயர்த்திப் பிடித்தல்தான். எழுதியது இன்னொருவன் சோதிப்பதற்காக என்று குழந்தையின் தோள்பட்டைக்குக் கற்றுக்கொடுத்த இடம் இதுவே.

பெல் 1832ல் இறந்தார்; வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1833ல் அவருடைய சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளி எழுந்தது. அதன் பெயர் மதராஸ் காலேஜ். இன்றும் நடக்கிறது. நம்முடைய மதராஸ் சென்னையாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதராஸ் அப்படியே இருக்கிறது.

5

போனது திரும்பி வந்தது, இன்ஸ்பெக்டரையும் கூட்டிக்கொண்டு.

1862ல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிகளின்படி, இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பரீட்சிப்பார். தேறிய தலைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மான்யம். அந்த இன்ஸ்பெக்டர்களில் ஒருவர் மேத்யூ ஆர்னல்ட். இலக்கிய விமர்சகர் என்று நாம் அறிந்த அதே ஆர்னல்ட், 1851 முதல் 1886 வரை வயிற்றுப் பிழைப்புக்குப் பள்ளிக்கூடங்களைச் சோதித்துக்கொண்டு திரிந்தவர். இந்த விதிகளை அவர் பகிரங்கமாக எதிர்த்தார். குழந்தை கற்பதைத் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்து வாங்குகிற ஏற்பாடு, கற்பதையே கொன்றுவிடும் என்பது அவர் கட்சி.

1860களிலேயே இந்த ஏற்பாடு மதராஸுக்கும் வந்தது. திண்ணை வாத்தியார் அதுவரை பிழைத்தது பெற்றோர் தந்த நெல்லிலும் சில்லறைக் காசிலும். இப்போது அவருக்கு எதிரில் ஒரு மான்யம் தொங்கியது. அதைப் பெற அச்சடித்த பாடபுஸ்தகம் வேண்டும், வருகைப் பதிவேடு வேண்டும், வகுப்புப் பிரிவு வேண்டும், கரும்பலகை வேண்டும், இன்ஸ்பெக்டர் முன்னால் ஒப்பிக்கத் தெரிந்த பையன்கள் வேண்டும். மனப்பாடத்தை ஒழிக்க வந்த ஏற்பாடு என்ன செய்தது? மனப்பாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதன் எஜமானனை மாற்றியது. ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டியது ஆயுசு முழுவதும் என்றிருந்ததை, இன்ஸ்பெக்டர் வரும்வரை என்று சுருக்கிவிட்டது.

ஸ்லேட்டு நம் ஊர்ப் பையன்களின் கைக்கு வந்தது. ஆந்திரத்தின் மார்க்காப்பூர்க் கல்லில் செய்த ஸ்லேட்டுகள் பின்னால் நம் கிராமங்கள் வரை வந்தன. அதன் கூடவே பலப்பம். ஸ்லேட்டைத் துடைத்துக் கறுப்பாக்கக் கோவை இலையும் அடுப்புக் கரியும். நானும் அப்படித் துடைத்தவன்தான். ஓலையில் எழுத்தைத் துலங்கச் செய்த அதே இலையும் அதே கரியும் ஸ்லேட்டில் எழுத்தை அழிக்கப் பயன்பட்டன. நூறு வருஷத்துக் கல்வி மாற்றத்தை இந்த இலை சொல்லுகிற அளவுக்கு எந்த அறிக்கையும் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்லேட்டில் எழுதியது மணலைப்போல உடனே போய்விடுவதுமில்லை, ஓலையைப்போல நிலைப்பதுமில்லை. வாத்தியார் பார்க்கும்வரை நிற்கும். அவர் சரி போட்டதும் அழியும். அப்புறம் நோட்டு வந்தது. தமிழுக்கு இரட்டைக்கோடு, இங்கிலீஷுக்கு நாலுகோடு. நோட்டில் எழுதியது அழிவதில்லை. ஆனால் அது பையனுடையதும் இல்லை. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, சிவப்பு மையில் தேதி போட்டு, அதிகாரி வரும் நாளில் மேஜைமேல் அடுக்கப்படுகிற சாட்சியம் அது.

6

இதுவரை சொன்னதை வைத்து எழுத்து சாட்சியமானது வீழ்ச்சி என்று ஒருவர் முடிவு கட்டலாம். அவ்வளவு சுலபமில்லை. நான் வேலை பார்க்கும் வங்கிக் கவுண்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் வேறு மாதிரி.

எண்பது வயதைத் தாண்டிய நெல் வியாபாரி ஒருவர் எங்கள் கிளைக்கு வருவார். நகைக்கடனுக்கு ஒன்பது சதவிகிதம் என்று சொன்னதும் ஒரு கணம்கூட யோசிக்காமல், "அப்போ நூத்துக்கு முக்கா வட்டின்னு சொல்லுங்க தம்பி" என்பார். கம்ப்யூட்டர் திரையில் எண் வருவதற்குள் அவர் வாயிலிருந்து மாத வட்டி வந்துவிடும். பழைய எண்சுவடியின் மிச்சம் அது. 1/320 என்பதற்கு முந்திரி என்று பெயர் வைத்து, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16 என்று பின்னங்களிலேயே குழந்தையைப் புழங்கவிட்ட கணக்கு. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பெருக்கிப் பார்த்தால் ஒரு கலத்துக்கு 13,82,400 நெல். நெல்மணியை எண்ணிக் கலம்வரை ஏறுகிற இந்த ஏணியைப் பத்து வயதுக்குள் பையன் வாயில் ஏற்றிவிடுவார்கள். செந்தில் பாபு 2022ல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இந்தக் கணக்கையும் இதில் ஞாபகம் ஒரு கற்றல்முறையாகவே இயங்கியதையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ரூபாய்க்கு 16 அணா இருந்தவரை மாகாணி வாய்ப்பாட்டுக்குத் தெருவில் வேலை இருந்தது. 1957 ஏப்ரல் 1ல் நயா பைசா வந்தபின் அந்த வேலை போயிற்று.

ஆனால் அந்த நெல் யாருடையது? எண்ணியவன் களத்துமேட்டில் கணக்குப்பிள்ளை. எண்ணப்பட்ட நெல்லை விளைவித்தவனுக்குக் கலத்திலிருந்து எத்தனை மரக்கால் கூலியாகப் பிரியும் என்பதை அந்த வாய்தான் தீர்மானித்தது. விளைவித்தவன் திண்ணைக்கு வெளியே நின்றான். கணக்கு அவனைப் பற்றியது, அவனுக்குக் கற்றுக்கொடுக்கப்படாதது.

அதே கவுண்டருக்கு நூறுநாள் வேலைக் கூலி எடுக்க வருகிற ஒரு அம்மாள் உண்டு. அறிவொளி இயக்கத்தில் எழுதப் படித்தவர். 1991ல் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் விட்டார்களே, அந்தக் காலத்து இயக்கம். தன் பெயரின் நான்கு எழுத்தை எழுத அவருக்கு இரண்டு நிமிஷம் ஆகும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். யாராவது மைப்பெட்டியை நகர்த்தினால், "எனக்கு எழுதத் தெரியும் சார்" என்று அதைத் திருப்பித் தள்ளிவிடுவார். அந்த நான்கு எழுத்து பிறர் பார்ப்பதற்கான சாட்சியம் என்பதால்தான் அவருக்கு அது வேண்டியிருக்கிறது. தன் ஞாபகத்தையோ கைத்திறனையோ யாரும் ஒருநாளும் கணக்கில் வைத்துக்கொள்ளாத வம்சத்திலிருந்து வருகிறவருக்கு, அழியாத காகிதத்தில் தன் கையால் விழும் ஒரு கோட்டின் மதிப்பு வேறு.

1893ல் பஞ்சமர் கல்விக்கென்று மதராஸ் அரசாங்கம் தனி உத்தரவு போட்டதும், 1894ல் ஆல்காட் அடையாறில் பஞ்சமருக்கு இலவசப் பள்ளி திறந்ததும், அவற்றுக்கு முன்பே மிஷன் பள்ளிகள் சேரிகளில் தொடங்கியதும் இந்த ஸ்லேட்டின் காலத்தில்தான். திண்ணையின் காலத்தில் இல்லை. இன்ஸ்பெக்டரின் பதிவேட்டில் பெயர் ஏறுவது அடிமைத்தனம் என்று ஏற்கனவே பெயர் ஏறியவன் சொல்லலாம்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. இப்போது வங்கியின் பிரதிநிதி கையில் ஒரு சிறு கருவியோடு கிராமத்துக்கே போகிறார். கூலி எடுக்கக் கட்டைவிரலை அதன்மேல் வைத்தால் போதும். அந்த அம்மாள் திருப்பித் தள்ளிய கைநாட்டு, மைப்பெட்டி இல்லாமல், மரியாதையான பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

7

கையைப் பற்றி இன்னொன்று. படிப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது, கைக்கும் வேலை வேண்டும் என்று நம் நூற்றாண்டில் அடிக்கடி சொல்லப்பட்டது. 1937ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைக்குக் கிடைத்தது தக்ளி. 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்து ஆரம்பப் பள்ளி நாளைக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரம் குழந்தை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தார்கள். 1954ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜ் திட்டத்தைக் கைவிட்டார். கையால் கற்பது நல்லதா கெட்டதா என்பது அந்தச் சண்டையின் விஷயமே இல்லை. எந்தக் கை, எந்த வீட்டுக் கை என்பதுதான். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு ஒரு குழந்தை வீட்டில் புஸ்தகத்தைத் தொடும்; இன்னொரு குழந்தை செருப்புத் தோலைத் தொடும். குழந்தையின் கைக்கு வேலை கொடுக்கிற எந்தத் திட்டத்தையும் தமிழன் அன்றிலிருந்து சந்தேகத்தோடுதான் பார்க்கிறான். அந்தச் சந்தேகம் நியாயமானது.

இந்தப் பின்னணியில் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் தனியாகக் கவனிக்கத் தக்கது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையிலிருந்து எடுத்தது. 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளுக்குப் போயிற்று. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். பாடபுஸ்தகத்தைப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். சுவரில் தொங்கும் ஏணிப்படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக் குழந்தையே தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். தெரிந்த குழந்தை தெரியாத குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும். திண்ணையின் முக்கால்வாசி அம்சங்கள் இதில் இருக்கின்றன என்பது கண்கூடு. பாய், சிறு குழு, அவரவர் வேகம், மூத்தவன் இளையவனுக்கு. வீடும் தெருவும் மட்டும் இல்லை. யாரும் ஏறலாம் என்கிற அரசாங்கக் கட்டடத்தில் திண்ணை முதன்முதலாகப் போடப்பட்டது என்று இதைச் சொல்லலாம்.

ஆசிரியர்கள் புலம்பினார்கள். அட்டைகள் கிழிந்தன. பெற்றோருக்கு, பெஞ்சும் புஸ்தகமும் இல்லாத இடம் பள்ளிக்கூடமாகவே தெரியவில்லை. பக்கத்து மெட்ரிகுலேஷன் பள்ளியின் டையும் பூட்ஸும் தெரிந்தன. 2022ல் எண்ணும் எழுத்தும் என்ற அடுத்த திட்டம் வந்தது. இப்போது குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பதை ஆசிரியர் கைபேசியில் ஏற்றவேண்டும். மான்யத்துக்காகத் தலை எண்ணிய இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒருநாள் வந்து போய்விட்டார். இவர் போவதே இல்லை.

8

செயல்வழி வகுப்பறையில் ஒரு பொருள் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுவரின் அடிப்பாகத்தில் சுற்றிலும் குழந்தையின் உயரத்துக்குக் கரும்பலகை பூசியிருந்தார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பங்கு. அதுவரை கரும்பலகை வாத்தியாரின் உயரத்தில் இருந்தது. குழந்தை அதில் எழுதவேண்டுமென்றால் கூப்பிடப்பட்டு, எல்லோர் முன்னாலும் எக்கி நின்று எழுதவேண்டும். கீழே இறங்கிய பலகையில் குழந்தை தரையில் உட்கார்ந்தபடி எழுதியது. அதை யார் பார்த்தார்கள்? பக்கத்துப் பங்கில் எழுதிக்கொண்டிருந்த குழந்தை. எட்டிப் பார்க்கும், சிரிக்கும், திருத்தும், காப்பியடிக்கும். சாயங்காலம் துணியால் துடைத்துவிடுவார்கள்.

மணலுக்கு வாசகன் இல்லை. ஓலைக்கு எழுதியவனே வாசகன். ஸ்லேட்டுக்கும் நோட்டுக்கும் அதிகாரி. இந்தத் தாழ்ந்த பலகைக்கு மட்டும் வாசகன் சமவயதுக்காரன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். அழியும் என்று தெரிந்தே எழுதப்பட்டாலும் படிக்கப்பட்ட எழுத்து அது. சில நூறு பிரதிகள் அச்சிட்டுத் தபாலில் அனுப்பிக்கொள்கிற நமக்கு இது முற்றிலும் அந்நியமான நிலை அல்ல.

எனவே புதிய பாடத்திட்டம் எப்போது வந்தாலும் குழந்தைக்குப் பொருள் புரிகிறதா, மனப்பாடம் செய்கிறதா என்று நடக்கும் விவாதத்தில் எனக்குச் சலிப்பு உண்டு. 1823ல் கேம்ப்பெல் சொன்னதையே இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான் கேட்க விரும்புவது வேறு. அந்தக் குழந்தை எழுதியதை இன்று யார் படித்தார்கள்? அதிகாரியைத் தவிர வேறு யாராவது படித்தார்களா? இரண்டாவது கேள்வியும் உடனே வந்தாகவேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் முதல் கேள்வி வெறும் ருசியாகிவிடும்: அந்தப் பாயில் உட்கார இடம் இல்லாமல் இன்னும் வெளியே நிற்பது யார்?

சென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று சாயம் பூசப்படும்போது உள்ளே போய்ப் பார்த்தேன். பாய் போய் மீண்டும் மேஜை வந்திருந்தது. தாழ்ந்த பலகையில் பாதிக்கு மேல் சுவரோடு சேர்த்து நீல வர்ணம் அடித்துவிட்டார்கள். மீதி இருந்த கறுப்பில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் ஒரு எழுத்தைப் பத்து தடவை எழுதியிருந்தது. ஏழாவதிலிருந்து கையெழுத்து வேறு.